எண் ஏறிவிட்டால் அனாலிசிஸ் ஜெயித்ததாக அர்த்தமா?

அப்ரைசல் வந்தால் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எத்தனை டேஷ்போர்டு (எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) போட்டீங்க?" பத்து வருடமாக டேட்டா அனாலிசிஸ்தான் வேலை, இந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் விவரமானவர்கள், "நீங்க சொன்னதைச் செஞ்ச பிறகு எண் ஏறிச்சா?" என்பார்கள். அதுவும் போதாது.

ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு, பழைய வாடிக்கையாளர்களில் யார் யாருக்குத் தள்ளுபடி எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுத்தோம். அக்டோபரில் அனுப்பினார்கள், விற்பனை எகிறியது, மீட்டிங்கில் ஒரே கைதட்டல். ஒரு கிளை மேனேஜர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "தீபாவளிக்கு எந்த வருஷம் சார் ஏறாம இருந்துச்சு?" எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த முறை பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கு பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அவர்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ் போகாமல் நிறுத்திவைத்தோம். பிறகு பார்த்தால் எஸ்எம்எஸ் போனவர்களும் போகாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வாங்கியிருந்தார்கள். எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களுக்குத்தான் தள்ளுபடியை அள்ளிக் கொடுத்திருக்கிறோம். நிர்வாகம் அந்தச் செலவை நிறுத்தியது. இந்த அறிக்கைக்கு யாரும் கை தட்டவில்லை, ஆனால் என் கணக்கில் அந்த வருடம் நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1854இல் லண்டன் சோஹோவில் காலரா. டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்கள் பட்டியலை வாங்கி, யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெரு பம்பைக் கை காட்டினார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது. இதில் கடைசித் துண்டுதான் பிசகு. கழற்றும் முன்பே சாவு குறைந்துகொண்டிருந்தது, ஜனங்களில் பெரும்பகுதி அந்தப் பகுதியைவிட்டே ஓடியிருந்தார்கள். இதை ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார். எண் இறங்கியதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் எதையுமே நிரூபிக்கவில்லை.

ஸ்னோ சொன்னதை நம்மை நம்பவைப்பது வேறு விஷயங்கள். அதே தெருவில் இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்கள் சாகவில்லை. அவர்களுக்குக் குடிக்க பீர் இருந்தது, ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது. தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவைப் பெண் இறந்தார். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் ஆள் வைத்துக் கொண்டுவரச் சொல்லிக் குடித்தவர். தன் கணக்கில் ஒட்டாமல் நின்ற ஆட்களையெல்லாம் தேடிப்போய்க் கேட்டிருக்கிறார் மனிதர்.

அப்புறம் அந்தப் பகுதிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். ஸ்னோ சொல்வது தப்பு என்று காட்டத்தான் தானும் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில், பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் பேதியால் இறந்த குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தப் பம்பின் கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் போனதைக் கண்டுபிடித்ததே அவர்தான். எதிர்த்து வந்தவர் தானே அலைந்து பார்த்து மாறினாரே, எனக்கு அதைவிடப் பெரிய அளவுகோல் தெரியவில்லை.

அதனால் இப்போது வேலையை எடுக்கும்போதே, இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன், அது வராவிட்டால் தொடங்குவதில்லை. முதல் வரைவு முடிந்ததும் நேராக, தீபாவளிக் கேள்வி கேட்ட அந்தக் கிளை மேனேஜருக்குத்தான் போகிறது.