டிரெய்லருக்கும் பதிகாலம் வேணும்

நேத்து ராத்திரி ஒரு புதுப்பட டிரெய்லர் பார்த்தேன். பேர் வேண்டாம், பலபேர் உழைப்பு அது. முதல் நொடியிலேயே வெடி, அடி, டிரம்ஸ். ரெண்டே கால் நிமிஷம் கழித்து ஒரு காட்சிகூட மனசில் தங்கலை.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பத்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்றேன். நிறைய வெட்டினால் வேகம் வந்துரும்னு நானும் நம்பினவன்தான். அதை மாத்தினது எங்க பக்கத்துக் கோயில் உற்சவத்தில் கேட்ட பஞ்சாரி மேளம், கேரளக் கோயில்களில் அடிக்கிற செண்டை மேளம். அதில் காலம்னா வேகத்தின் ஒரு கட்டம். முதல் காலமான, ரொம்ப மெதுவான பதிகாலத்தில் ஒரு தாளவட்டம் 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6; வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். அந்த 96-ல் அடுத்த அடி எப்ப விழும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். அப்படி நின்னதால்தான் 6 வரும்போது கூட்டமே கையைத் தூக்கி ஆடுது.

டிரெய்லரும் அப்படித்தான். முதல் ஷாட்டை நாலு நொடி நிக்க விட்டு, ரெண்டு, ஒண்ணுன்னு குறைச்சுக்கிட்டே வந்தால் கடைசியில் எட்டு பிரேம் ஷாட்டைக்கூடக் கண் பிடிச்சுக்கும். 24 பிரேம் ஒரு நொடின்னா எட்டு எவ்வளவுன்னு பாருங்க. இப்ப வர்ற பாதி டிரெய்லர் எடுத்ததுமே எட்டில் ஆரம்பிக்குது.

சத்தமும் அதே கதைதான். போன மாசம் ஒரு கல்யாண டீசர், தாலி கட்டுற இடம். கெட்டிமேளம் சப்புன்னு இருந்தது. வால்யூமை ஏத்தினேன், இன்னும் மோசம். அப்புறம் அதுக்கு முந்தின ஒரு நொடி எல்லாச் சத்தத்தையும் எடுத்துட்டு, பொண்ணோட வளையல் உரசுறதை மட்டும் விட்டேன். அடுத்து தவில். பக்கத்தில் இருந்த பொண்ணோட அப்பா நிமிர்ந்து உக்காந்து, "தம்பி, அதை மறுபடி போடுங்க"ன்னார். தவிலை நான் தொடவே இல்லை.

1979-ல் வந்த 'ஏலியன்'ங்கிற ஆங்கில விண்வெளித் திகில் பட டிரெய்லரில் யாரும் ஒரு வார்த்தை பேசுறதில்லை. ஒரு முட்டை மெதுவா விரிசல் விடும், அப்புறம் அலறல் மாதிரி ஒரு ஒலி விட்டுவிட்டு அடிக்கும். கதை ஒண்ணும் தெரியாது, பயம் மட்டும் தெரியும். எடிட்டிங் பழகுறவங்க ஒருதடவை கண்ணை மூடிக்கிட்டு அதைக் கேளுங்க.

மூணு நொடியில் பிடிக்கலைன்னா பசங்க தள்ளிவிட்டுருவாங்கன்னு சொல்றாங்க. அதே பசங்கதான் உற்சவத்தில் பதிகாலம் முடியுறவரை போனைப் பாக்கெட்டில் போட்டுட்டு, செண்டைக்காரர் கையையே பார்த்துக்கிட்டு வெயிலில் நிக்கிறாங்க.