பல்லைக் காட்டினால் அடிமையா?

ஞாயிற்றுக்கிழமை நம் திரைப்பட வட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். யார் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனின் கதையைச் சொல்லும் ‘போஜாங்கிள்ஸ்’ படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, “வெள்ளைக்காரனுக்குப் பல்லைக் காட்டி ஆடினவனுக்கெல்லாம் ஒரு படமா?” என்று ஒருவர் கேட்டதும், நாலு பேர் சிரித்ததும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேடையில் பல்லைக் காட்டிய அந்தச் சிரிப்பு பில் ராபின்சனின் வேலை ஐயா, வேலை! 1878இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அடிமையாக இருந்து விடுதலையான பாட்டியிடம் வளர்ந்தவர். கறுப்பினக் கலைஞர் தனியாக மேடையேறக் கூடாது, ஜோடியாகத்தான் வரவேண்டும் என்ற வழக்கம் இருந்த காலத்தில் தனியாளாக நின்று காட்டியவர். காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தை நுனிக்காலுக்குக் கொண்டுவந்தார். படிகளில் ஏறி இறங்கி அவர் ஆடும் அந்தப் படிக்கட்டு ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், படிக்குப் படி தாளம் மாறும். நம் விமர்சகருக்குத் தெரிந்ததோ பல் மட்டும்.

“குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளோடு ஆடிய படத்தில் பட்லர் வேடம்தானே?” ஆமாம். கதாநாயகன் வேடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வாசலில் காத்திருந்தார்களா? 1936இல் வெள்ளைக்கார நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டெர் ஒரு படத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு அவருக்கு ‘மரியாதை’ செய்தார். கறுப்பாக இருப்பதற்குக்கூட வெள்ளைக்காரராக இருந்தால்தான் வசதி!

சூதாடினார் என்றும் சொல்வீர்கள். ஆடினார். சரி, அடுத்தது.

எங்கள் அப்பா ஓட்டலில் சர்வராக இருந்தவர். வாடிக்கையாளர் கையைச் சொடுக்கிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே போவார். வீட்டில் அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. “உங்கப்பன் பல்லைக் காட்டிப் பிழைக்கிறவன்டா” என்று ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அப்பா பக்கத்துப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கல்லூரிக் கட்டணம் அந்தப் பல்லிலிருந்துதான் வந்தது.

“இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்?” என்பீர்கள். போடுவேன். சிரிக்கவேண்டிய கட்டாயமே இல்லாத உத்தியோகத்தில் இருப்பவர்கள்தான் அடுத்தவன் சிரிப்புக்கு மார்க் போடுகிறார்கள். மாதக் கடைசியில் மேலதிகாரி ஜோக் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்களோ, அது வேறு விஷயம்.

1933இல் ரிச்மண்டில் குழந்தைகள் உயிரைப் பணயம் வைத்துச் சாலையைக் கடப்பதைப் பார்த்து, தன் பணத்தில் அங்கே சிக்னல் விளக்கு போட வைத்தார் இந்த ‘அடிமை’. 1949இல் இறந்தபோது கையில் காசில்லை; இறுதிச் சடங்குச் செலவைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எட் சல்லிவன் ஏற்றார். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தெருவெல்லாம் ஜனம். அவர்களுக்குத் தன்மானம் இல்லை என்று சொல்லிவிடுங்களேன், பார்ப்போம்.

2001இல் வந்த இந்தத் தொலைக்காட்சிப் படத்தில் ராபின்சனாக நடித்த கிரகரி ஹைன்ஸே பெரிய டாப் கலைஞர். ஆட்டத்துக்கு டூப் தேவைப்படாத ஆள். படம் பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் அவசரம். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பல்லைப் பற்றி மட்டும் என்னிடம் பேச வராதீர்கள்.