வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் அமெரிக்காவின் கடன் தீருமா?

"வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவியை நிறுத்தினாலே அமெரிக்காவின் கடன் தீர்ந்துவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 2024 வரை அந்த உதவி, அந்நாட்டு மத்திய அரசின் செலவில் ஏறக்குறைய 1 சதவீதமாகத்தான் இருந்தது. 2024 நிதியாண்டின் பற்றாக்குறை மட்டுமே சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். அந்த நவம்பரில் மொத்தக் கடன் 36 லட்சம் கோடியைத் தாண்டியது.

சரி, பணம் எங்கேதான் போகிறது? பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், அப்புறம் வட்டி. 2024 நிதியாண்டில் வட்டிக்கே சுமார் 88,000 கோடி டாலர், ராணுவச் செலவைவிட அதிகம்! வட்டியை வெட்டவே முடியாது. ஓய்வூதியமோ ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணமல்ல. சட்டப்படி தானாகவே போகிறது. சட்டத்தை மாற்றலாம்தான். ஆனால் தவறாமல் வாக்களிக்கும் முதியவர்களைப் பகைத்துக்கொள்ள இரண்டு கட்சிகளுக்கும் பயம்.