சர்வேயர் மாமாவும் விரியும் பிரபஞ்சமும்

(ஓய்வுபெற்ற சர்வேயர் மாமனாரும், பள்ளியில் இயற்பியல் நடத்தும் மருமகளும்.)

மருமகள்: மாமா, பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துகிற இருண்ட ஆற்றலின் வலு குறைகிறதோ என்று சந்தேகம் வந்திருக்கிறது!

மாமா: யார் அளந்தது?

மருமகள்: அமெரிக்காவில், அரிசோனாவின் கிட் பீக் மலையில் ‘டெசி’ என்று ஒரு கருவி. 4 மீட்டர் தொலைநோக்கியில் 5,000 ஒளியிழைகள். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ ஒரு விண்மீன் திரளை நோக்கி நகர்த்தும்.

மாமா: சங்கிலி பிடித்து அளக்க 5,000 செயின்மேனா! எனக்கு ஒருத்தன்தான், அவனும் பதினோரு மணிக்கு டீக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவான். சரி, சங்கிலி என்ன நீளம்?

மருமகள்: பிரபஞ்சத்தின் இளமையில் ஓடிய ஒலி அலைகள், விண்மீன் திரள்களின் இடைவெளியில் உறைந்து நின்ற தடம்தான் சங்கிலி. இன்றைய கணக்கில் சுமார் 49 கோடி ஒளியாண்டு.

மாமா: எங்களுடையது 66 அடி. அதுவே வெயிலில் நீளும், அதற்குத் திருத்தம் போடுவோம். இங்கே நிலமே விரிகிறதே, சங்கிலியும் கூட நீளாதா?

மருமகள்: நீளும் மாமா! அவர்களுக்கு வேண்டியதே அந்த நீட்சிதான். எந்தக் காலத்தில் எவ்வளவு நீண்டது என்று பார்த்தால், தள்ளுகிற வலு ஒரே மாதிரி இருந்ததா என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய 1.5 கோடி விண்மீன் திரள்களையும் குவாசர்கள் என்கிற மிகப் பிரகாசமான திரள் மையங்களையும் பார்த்து, 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள்.

மாமா: என்ன முடிவு?

மருமகள்: வலு மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் எந்தச் சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) பட்டியலைச் சேர்க்கிறோமோ அதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. சிக்மா என்றால், இது தற்செயல் இல்லை என்பதன் உறுதியை அளக்கும் அலகு. 5 வந்தால்தான் கண்டுபிடிப்பு.

மாமா: பட்டியலை மாற்றினால் அளவும் மாறுமா? தாசில்தார் கோப்பை மூஞ்சியிலேயே வீசுவார்.

மருமகள்: அதனால்தான் இன்னும் அளக்கிறார்கள். வலு மாறாது என்பது, ஐன்ஸ்டைன் 1917-இல் தன் சமன்பாட்டில் சேர்த்த மாறிலி, அதாவது மாறாத எண். அதை அவரே பிறகு அடித்துவிட்டார். 1998-இல் சூப்பர்நோவாக்களைப் பார்த்த இரண்டு குழுக்கள், விரிவு வேகமெடுக்கிறது என்றதும் திரும்ப எடுத்துச் சேர்த்தார்கள்.

மாமா: அடித்த எண்ணையா? பக்கத்தில் கையெழுத்தாவது போட்டார்களா?

மருமகள்: அந்தக் குழுக்களில் மூன்று பேருக்கு 2011-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

மாமா: எங்கள் ஆபீசில் மெமோ கொடுப்பார்கள்.