காட்டைப் பெருக்கித் துடைத்து வரையாதீர்கள்

மூன்று காலை தொடர்ந்து ஒரே ஆற்று வளைவில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து பாதி உடம்பு தண்ணீரில் கிடந்தது. பட்டையெல்லாம் உரிந்து சாம்பல் நிறம். வெள்ளத்தில் வந்து மாட்டிய சருகும் நாரும் கிளைகளில் தொங்கின. பார்க்கவே அலங்கோலம். போதாக்குறைக்கு, ஆறு அழகாகத் திரும்பும் இடத்தை அது மறைத்துக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை, படத்திலிருந்து எடுத்துவிட்டேன். வரைகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

மூன்றாம் நாள் படம் முடியும் தறுவாயில் ஒரு மீன்கொத்தி வந்தது. சிறிய வகை, நீல முதுகு, செம்மஞ்சள் வயிறு. நேராக வந்து அந்தச் செத்த மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குச்சியில் உட்கார்ந்தது. தலையை மட்டும் இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டியது. பொத்தென்று விழுந்தது, எழுந்தது, மறுபடி அதே குச்சி. மீனின் வால்பக்கத்தைப் பிடித்துக் கிளையில் நாலு அடி அடித்து, திருப்பிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கியது. அரை மணி நேரத்தில் இப்படி நாலைந்து முறை, எல்லாம் அதே குச்சியிலிருந்துதான். சரி, இதையும் படத்தில் சேர்த்துவிடலாம் என்று பிரஷை எடுத்தபோதுதான் உறைத்தது: என் படத்தில் அது உட்கார இடமே இல்லை.

இணையத்தில் நண்பர்கள் பகிரும் காட்டு ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தக் குச்சிதான் நினைவுக்கு வருகிறது. கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலை இலையாக, அலை அலையாக வரைகிறார்கள். ஆனால் பெரும்பாலான படங்களில் காடு, விருந்தாளி வருவதற்கு முன் பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி இருக்கிறது. தரையில் ஒரு சுள்ளி கிடையாது. மரங்கள் எல்லாம் ஒரே வயது, ஒரே பருமன். ஆற்றங்கரை புல்வெளியாகச் சரிந்து தண்ணீரில் இறங்குகிறது. நடுவில் ஒரு மான் நின்று நம்மையே பார்க்கிறது.

அந்தக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீன்கொத்தி கூடு கட்டுவது மரத்தில் அல்ல. ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் மண்சுவரில் பொந்து குடைந்துதான் முட்டையிடும். சரிவான பச்சைக் கரையில் அதற்கு வேலையில்லை. மரங்கொத்திக்கு உள்ளே இளகிப்போன மரம் வேண்டும். அது குடைந்துவிட்டுப் போன பொந்தில் அப்புறம் ஆந்தையோ மைனாவோ குடியேறும். நீர்நாய்க்குக் கரையோர வேர்களுக்கு அடியில் இருட்டு வேண்டும். ஆக, எதையெல்லாம் 'காட்சிக்கு இடைஞ்சல்' என்று அழிக்கிறோமோ அதெல்லாம் யாரோ ஒருவருடைய வீடு. வீட்டை இடித்துவிட்டு, வீட்டுக்காரரை மட்டும் நடுவில் நிற்கவைத்துப் படம் வரைகிறோம்.

நடுவில் நிற்கும் மான் என்றதும் ஆங்கில ஓவியர் எட்வின் லேண்ட்சீர் 1851-இல் வரைந்த ஸ்காட்லாந்துக் கலைமான் ஞாபகம் வரும். பன்னிரண்டு கிளைக் கொம்பு, நிமிர்ந்த தலை, பின்னால் மூடுபனியில் மலை. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் சிற்றுண்டி அறைச் சுவருக்காக வரையப்பட்டது அது. அப்புறம் பணம் ஒதுக்க மறுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. மானின் ரோமத்தை அப்படி வரைய இன்னொருவர் பிறந்து வரவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மலை அங்கே வெறும் திரைச்சீலை. அந்த மானை வெட்டி வேறொரு மலையில் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. பிற்பாடு விஸ்கி விளம்பரம்வரை அதை ஒட்டியும் விட்டார்கள்.

இந்த ஒட்டுவேலைதான் இன்று இணையப் புகைப்படங்களால் சுலபமாகிவிட்டது. மான் ஒரு படத்திலிருந்து, மரம் இன்னொன்றிலிருந்து. மானுக்கு இடப்பக்கம் வெயில், மரத்துக்கு வலப்பக்கம். இதையாவது கண் கண்டுபிடித்துவிடும். பருவம் பிசகினால் பலருக்கும் தெரியாது. ஐரோப்பியச் செம்மான் வசந்தத்தின் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிடும். புதுக்கொம்பு மென்தோல் போர்த்து வளர்ந்து, கோடை முடியும்போதுதான் தோல் உரிந்து முழுசாக வெளியே வரும். இளந்தளிர் பூத்த காட்டில் முழுக்கொம்போடு நிற்கிற ஆண்மானை நான் எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டேன். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் நிற்கிற படங்களைப் பற்றி என்ன சொல்ல? ஒன்று வடதுருவம், மற்றது தெற்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்கக்கூடாது. சங்க அகப்பாடல்களின் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பூ, பறவை, விலங்கு எல்லாம் கருப்பொருள். எந்த நிலத்துக்கு எந்தப் பறவை, எந்தப் பொழுது என்று கணக்குப் போட்டுப் பாடிய மொழி இது. நாம் பிரஷைக் கையில் எடுத்தால் மட்டும் முதற்பொருளை வால்பேப்பர் ஆக்கிவிடுகிறோம்.

ஷிஷ்கினை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஈவான் ஷிஷ்கின், ரஷ்யர், வாழ்நாளெல்லாம் காட்டையே வரைந்தவர். 1889-இல் அவர் வரைந்த பைன் காட்டுக் காலைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ரஷ்யாவில் மிட்டாய்த் தாளில்கூட அது இருக்கிறது. ஒரு தாய்க்கரடி, மூன்று குட்டிகள். சுவாரசியம் என்னவென்றால் கரடிகளை வரைந்தது ஷிஷ்கின் இல்லை. அவருடைய நண்பர் கான்ஸ்டான்டின் சவித்ஸ்கி. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை வாங்கிய பாவெல் ட்ரெட்யாகோவ் சவித்ஸ்கியின் கையெழுத்தை அழித்துவிட்டார். அநியாயம்தான்.

ஒருவர் காடு, இன்னொருவர் கரடி என்றால் இதைவிடப் பெரிய ஒட்டுவேலை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், குட்டிகள் எங்கே நிற்கின்றன என்று கவனிக்கும்வரை. வேரோடு பெயர்ந்து, நடுவில் முறிந்து சாய்ந்த ஒரு பெரிய பைன் மரத்தில். முறிந்த இடத்தில் மஞ்சள் நிறச் சிராய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னால் காலைப் பனியில் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. ஷிஷ்கின் அந்த மரத்தைப் பெருக்கித் தள்ளியிருந்தால் குட்டிகளுக்கு ஏறி விளையாட இடமில்லை. ஓவியர் இடம் விட்டிருந்தார். கரடி வந்து ஏறிக்கொண்டது. என் ஆற்றில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இதற்கு நேர் எதிராகக் காட்டு உயிர்களை மட்டுமே பிடித்துக்கொண்டவர் சுவீடனின் ப்ரூனோ லில்யஃபோர்ஸ். 1860-இல் பிறந்தவர், வேட்டைக்காரர், வீட்டிலேயே நரி, முயல், ஆந்தை என்று வளர்த்துப் பார்த்து வரைந்தவர். விலங்கை இப்படிக் கரைத்துக் குடித்தவர் என்ன செய்தார் தெரியுமா? படத்தில் அதை ஒளித்துவைத்தார். பனியில் வெள்ளை முயல், காய்ந்த புல்லில் அதே நிறப் பறவை. முதலில் நமக்கு நிலம் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் தெரியும். அதைச் சுற்றி ஒரு உடம்பு மெல்லத் திரளும். காட்டில் நடந்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். விலங்கு நம் முன்னால் வந்து நிற்பதில்லை. நாம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.

ஏன் தாமதம் என்பதை விளக்கியவரும் ஓர் ஓவியர்தான். அமெரிக்கரான அபட் தேயர், 1896-இல். ஓவியம் கற்கப் போனால் முதல் பாடம் என்ன? மேலே வெளிச்சம், கீழே நிழல். அப்படித் தீட்டினால் தட்டையான தாளில் உருண்டை எழும்பும். மானின் உடம்பு இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளுக்கவைக்கிறது, வயிற்றில் நிழல் விழுகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி உருண்டை உடம்பு தட்டையாகிப் பின்னணியோடு கலந்துவிடுகிறது. நாம் தாளில் எழுப்பப் பாடுபடும் உருண்டையைக் கலைக்க மான் தன் தோலிலேயே சாயம் பூசிக்கொண்டு திரிகிறது! (தேயர் அப்புறம் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார். பூநாரையின் இளஞ்சிவப்பு அந்திவானத்தில் ஒளிந்துகொள்வதற்காக என்றெல்லாம் சொல்லி, முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.)

"ஓவியம் என்ன உயிரியல் பாடமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1502-இல் வரைந்த முயலை எடுத்துக்கொள்ளுங்கள். முயலைச் சுற்றி நிலமே கிடையாது, வெறும் தாள். கண்ணில் ஜன்னல் சட்டத்தின் பிரதிபலிப்புகூடத் தெரிகிறது, அதாவது அறைக்குள்ளே இருக்கும் முயல். அது பொய் சொல்லவில்லை, நான் காட்டில் இருக்கிறேன் என்று நடிக்கவில்லை. மறு வருஷம் அவரே ஒரு சாண் மண்ணில் முளைத்த புல்லை மட்டும் வரைந்தார். டான்டிலியன் எது, மற்ற செடி எது என்று இன்றும் தாவரவியலாளர்கள் பெயர் சொல்கிறார்கள். பார்வை தரையோடு தரையாக இருக்கிறது, முயலின் கண் உயரத்தில். அந்தப் படத்தில் முயல் இல்லை. எனக்கு அந்த இரண்டில் புல்தான் அதிகம் முயலாகப் படுகிறது.

சரி, 'நம் மண்ணின் காடு' என்று சொல்லி வரைகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காடு. ஓவியர் தியோடோர் ரூஸோவும் (தத்துவவாதி ரூஸோ வேறு) பார்பிசான் கிராமத்தில் தங்கி வரைந்த அவருடைய கூட்டாளிகளும் அங்கிருந்த கிழட்டு ஓக் மரங்களை வரைந்தார்கள். வனத்துறைக்கு அவை லாபமில்லாத பழசுகள். வெட்டிவிட்டு, அந்தக் காட்டுக்கு அந்நியமான பைனை வரிசை வரிசையாக நட்டார்கள். ஓவியர்கள் அந்தக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள்! 1852-இல் ரூஸோ அரசாங்கத்திடமே முறையிட்டார். மறு வருஷம் 624 ஹெக்டேரில் கோடரி விழாமல் நிறுத்திவைத்தார்கள். 1861-இல் அது 1,097 ஹெக்டேராகிச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் பதினோரு வருஷம் முன்னால். அவர்கள் ஒன்றும் சூழலியல் பேசவில்லை, அழகு கெடுகிறது என்றுதான் சண்டை போட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அழகாகத் தெரிந்தது எது என்று பாருங்கள்: பொந்து விழுந்த, கோணல்மாணலான, உச்சி பட்டுப்போன மரம். ரசனை சரியாக இருந்தால் பாதி வேலை அதுவே பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது.

வண்ணம் பற்றியும் இரண்டு வார்த்தை. ட்யூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் காடு பிளாஸ்டிக் ஆகிவிடும். பெரும்பாலும் நான் பச்சை ட்யூபைத் திறப்பதே இல்லை. அல்ட்ராமரின் நீலத்தில் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், நிழலுக்குக் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. செத்த மரம் இருந்தால் இங்கேதான் பெரிய உதவி. அதன் சாம்பலும் பழுப்பும் பக்கத்தில் நின்றால்தான் பச்சை பச்சையாகத் தெரியும். தண்ணீரைப் பொறுத்தவரை பலரும் கரையைத் தலைகீழாகக் கவிழ்த்து நகலெடுத்துவிடுகிறார்கள். பிரதிபலிப்பு நகல் அல்ல. தண்ணீருக்கு மேல் கிடக்கும் மரத்தில் நமக்குத் தெரிவது அதன் மேற்புறம். தண்ணீரில் தெரிவது அதன் அடிப்புறம். கருமையான பொருள் தண்ணீரில் சற்று வெளுத்தும், வெளுப்பானது சற்று மங்கியும் தெரியும். காலடியில் குனிந்து பார்த்தால் கூழாங்கல், தூரத்தில் பார்த்தால் வானம். ஒரே ஆறு, இரண்டு வேறு பொருள்.

அந்த மரத்தின் அடிப்புறத்தைப் பார்ப்பதற்காகவே மறுபடி அதே வளைவுக்குப் போனேன். புதுத்தாளில் முதலில் அதைத்தான் வரைந்தேன். அடிப்பக்கம் ஈரத்தில் கறுத்து, பாசி பிடித்து, மேலே தெரிவதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மரமாக இருந்தது. மீன்கொத்தியை வரைந்து பார்த்தேன், சரிவரவில்லை. அந்த நீலம் சாயமே இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. எந்த ட்யூபிலும் கிடைக்காது. பக்கத்தில் செம்மஞ்சளை வைத்து ஓரளவு ஏமாற்றலாம். ஏமாற்றியும் பார்த்தேன். ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரிதான் இருந்தது. ஈரப் பிரஷால் துடைத்து எடுத்துவிட்டேன்.

குச்சி மட்டும் இருக்கிறது. அதன் நுனிக்குச் சற்றுக் கீழே, பறவை தினமும் உட்காரும் இடத்துக்கு நேர் அடியில், கிளையில் வழிந்து காய்ந்த எச்சத்தின் வெள்ளைக் கோடு ஒன்றை விட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர், அங்கே பெயிண்ட் சிந்திவிட்டதா என்று கேட்டார்கள். மூன்றாமவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்போ வரும்?" என்றார்.