சான்றிதழ் வேறு, அனுமதித் தாள் வேறு

நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "சர்ஜன் போர்டு சர்டிபைடுதானே?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். அந்தச் சான்றிதழ் எதற்குச் சாட்சி சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்று தெரியாததால்தான் நின்றுவிடுகிறோம். நெஞ்சறுவை நிபுணர் ஒருவர் எந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்பதை அவர் எப்போதோ எழுதிய தேர்வு முடிவு செய்யக்கூடாது, கடந்த ஓரிரு ஆண்டுகளில் அவர் கை செய்த வேலைதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அங்கே ஒரு சர்ஜனிடம் மூன்று தாள்கள் இருக்கும். முதலாவது, மாநில மருத்துவ வாரியம் தரும் லைசென்ஸ். அதில் நுரையீரல், இதயம் என்ற பிரிவே கிடையாது. சட்டப்படி அது எல்லா வைத்தியத்துக்கும் பொதுவானது. இரண்டாவதுதான் போர்டு சான்றிதழ், அதாவது அந்தந்தத் துறைக்கான தேர்வு அமைப்பு தருவது. நெஞ்சறுவைக்கான அமெரிக்க போர்டு 1948-இல் பொது அறுவை போர்டின் துணை அமைப்பாகத் தொடங்கி, 1971-இல் தனி போர்டானது. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. மூன்றாவது, மருத்துவமனை தரும் 'பிரிவிலேஜ்' தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறப்பது இதுதான். இன்னின்ன அறுவைகளை இவர் இங்கே செய்யலாம் என்று வரி வரியாக எழுதியிருக்கும். அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, எந்த சர்ஜனுக்கு எந்த அனுமதி என்ற பட்டியலை அறுவைப் பிரிவு கையில் வைத்திருக்க வேண்டும். அதே விதித்தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு: போர்டு சான்றிதழையோ சங்க உறுப்பினர் தகுதியையோ மட்டும் வைத்து அனுமதியைத் தீர்மானிக்கக்கூடாது. இந்த வரி பலருக்குத் தெரியாது.

அந்த வரி ஏன் தேவைப்படுகிறது? நெஞ்சறுவை போர்டு தரும் முதன்மைச் சான்றிதழ் ஒன்றே ஒன்று. இதயம், நுரையீரல், உணவுக்குழாய், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள மீடியாஸ்டைனம், நெஞ்சுச் சுவர் எல்லாம் அதற்குள் அடங்கும். பயிற்சிக் காலத்தில் இதயப் பக்கம், நுரையீரல் பக்கம் என்று இரண்டு பாதைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் செய்து காட்ட வேண்டிய ஆபரேஷன்களின் எண்ணிக்கை வேறு. ஆனால் முடிவில் கிடைப்பது ஒரே சான்றிதழ். பத்து ஆண்டுகள் பைபாஸும் வால்வும் மட்டுமே செய்தவரிடமும், நுரையீரலை மட்டுமே தொட்டவரிடமும் அதே தாள்தான் இருக்கும். பிறவி இதயக் குறைகளுக்கு மட்டும் 2009-இலிருந்து தனியாக ஒரு துணைச் சான்றிதழ் வந்தது.

இந்த வித்தியாசம் நோயாளியின் உடம்பில் எங்கே தெரியும் என்று பார்ப்போம். வலது நுரையீரலின் மேல் மடலை, அதாவது அதன் மேல் பகுதியை, எடுக்கிறார்கள். நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மூச்சுக்குழாயில் இரட்டைக் குழாய் போட்டு வலது நுரையீரலைச் சுருங்க விட்டிருக்கிறார்கள். கேமரா உள்ளே இருக்கிறது. மேல் மடலுக்குப் போகும் முதல் தமனிக் கிளையோடு, சுண்ணாம்பு படிந்த ஒரு நிணநீர் முடிச்சு சிமெண்ட் வைத்தது போல ஒட்டிக் கிடக்கிறது. எப்போதோ வந்துபோன காசநோயின் மிச்சம் அது. நம் ஊரில் வளர்ந்தவர்களின் நெஞ்சில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். நுரையீரல் தமனியின் சுவர் மெல்லியது. முடிச்சை இழுத்தால் கிழியும். கிழிந்ததும் ரத்தத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிளிப் போடுவதுதான் பெரிய தவறு, கிழிசல் இன்னும் பெரிதாகும். பஞ்சுக்குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மயக்க மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் வரவழைத்து, தேவையென்றால் நெஞ்சைத் திறந்து, தாய்த் தமனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தையல் போட வேண்டும். அனுபவசாலி இந்தக் கட்டத்துக்கே வரமாட்டார். முடிச்சைப் பார்த்ததுமே தாய்த் தமனியைச் சுற்றி முன்கூட்டியே நாடா போட்டு வைத்துக்கொள்வார்.

நியாயமாகச் சொன்னால், ரத்தக்குழாயைத் தைப்பதில் இதய சர்ஜனின் கை யாருக்கும் சளைத்ததல்ல. எனக்குக் கவலை தருவது ரத்தம் வராமல், ஓசையில்லாமல் நடக்கும் தவறு. மடலை அழகாக எடுத்துவிட்டு, மீடியாஸ்டைன நிணநீர் முடிச்சுகளை எடுக்காமல் விட்டுவிடுவது. நோயாளி ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். முடிச்சில் புற்று இருந்தால் அவர் பெரும்பாலும் மூன்றாம் கட்டம். பார்க்காமல் விட்டதால் முதல் கட்டம் என்று எழுதப்படும், கீமோ கொடுக்க மாட்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய் ஆணையத்தின் 2020 தரவிதி இதனால்தான் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டது: நுரையீரல் வேரிலிருந்து ஒரு நிலையமாவது (எண் கொடுத்துப் பிரித்த முடிச்சுத் தொகுதிக்குத்தான் நிலையம் என்று பெயர்), மீடியாஸ்டைனத்திலிருந்து மூன்று வெவ்வேறு நிலையங்களாவது எடுத்திருக்க வேண்டும்.

சான்றிதழ் எல்லையைச் சுருக்கும் இடமும் உண்டு. முன்பு பொது அறுவை போர்டில் தேறிய பிறகுதான் நெஞ்சறுவை போர்டுக்குப் போக முடியும். 2003-க்குப் பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பின்னர் வந்த ஆறாண்டு நேரடிப் பயிற்சியில் வருகிறவர் பொது அறுவைச் சான்றிதழ் இல்லாமலே வெளியே வருகிறார். பெரிய நகரத்தில் அதனால் ஒன்றும் குறையவில்லை. சிறிய ஊர் மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நுரையீரல் கேஸ் வந்தாலே அதிகம். மீதி நாட்களில் குடலிறக்கம், பித்தப்பை பார்க்கவும், இரவு பொது அறுவை டியூட்டி எடுக்கவும் ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்கு இவருக்கு அனுமதி கிடைப்பது கடினம். அதே ஊரில் பொது அறுவை போர்டு மட்டும் முடித்தவர் நுரையீரல் மடலை எடுத்துக்கொண்டிருப்பார்.

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது என்பவர்களுக்கு ஒரு பதில். தொடை வழியாக வால்வு பொருத்தும் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்கும் மருத்துவமனைக்கு, 2019-இல் மெடிகேர் சொன்ன தகுதி இது: இதய சர்ஜன் வாழ்நாளில் 100 திறந்த இதய அறுவைகளாவது செய்திருக்க வேண்டும், அவற்றில் 25 பெருந்தமனி வால்வு சம்பந்தப்பட்டவையாக இருக்க வேண்டும். வால்வுக்கு இது முடிகிறதென்றால் நுரையீரல் மடலுக்கும் உணவுக்குழாய்க்கும் முடியும். கத்திக்குத்து வாங்கி வருகிறவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாதுதான். உயிர் போகும் நேரத்தில் அங்கே இருப்பவர் செய்யலாம் என்று மருத்துவமனை விதிகளிலேயே வழி வைத்திருக்கிறார்கள். நான் பேசுவது நாள் குறித்துச் செய்யும் அறுவையைப் பற்றி.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அமெரிக்க போர்டு தொடங்கிய அதே 1948-இல்தான் அங்கிருந்து ரீவ் பெட்ஸ் என்ற நெஞ்சறுவை நிபுணர் வேலூர் சிஎம்சிக்கு வந்து நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இன்று இந்தத் துறையில் நம் உயர் அறுவைப் பட்டமான எம்.சிஎச். (சிடிவிஎஸ்) என்பதன் பெயரிலேயே இதயம், ரத்தக்குழாய், நெஞ்சு மூன்றும் இருக்கின்றன. மக்கள் வாயில் அதை வாங்கியவர் 'ஹார்ட் சர்ஜன்'தான். இங்கும் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் அங்கீகாரம் வேண்டுமென்றால் மருத்துவமனை ஒவ்வொரு மருத்துவருக்கும் தனித்தனியாக அனுமதி எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாளில் "சிடிவிஎஸ் அறுவைகள் அனைத்தும்" என்று ஒரே வரியில் எழுதினால் அது பட்டத்தைத் திரும்ப எழுதியதாகத்தான் ஆகும். இதயம், நுரையீரல், உணவுக்குழாய் மூன்றுக்கும் தனித் தாள் வேண்டும். ஒவ்வொன்றிலும் கடந்த 24 மாத எண்ணிக்கையும், புதிதாகக் கேட்கும் அனுமதிக்கு முதல் சில கேஸ்களில் கூட நிற்கும் மூத்தவரின் கையெழுத்தும் வேண்டும்.

நோயாளியின் வீட்டார் சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: போன வருஷம் எத்தனை நுரையீரல் மடல் எடுத்தீர்கள், அதில் எத்தனை கேமரா வழியாக, எத்தனை பாதியில் திறக்க வேண்டி வந்தது? ஆபரேஷன் முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் கட்டியின் அளவோடு நிறுத்திவிடாமல் நிணநீர் முடிச்சுப் பகுதியையும் படியுங்கள். வலது பக்க அறுவை என்றால் 4ஆர், 7, 9 என்பது போல நிலைய எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். "முடிச்சுகள் அனுப்பப்படவில்லை" என்று இருந்தால், அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.