கையில் பதிவை வைத்துக்கொண்டே கேட்கும் கேள்வி

இடிபட்டது என் கார் இல்லை. ஓட்டியவன் நான் இல்லை. பிழையும் எங்கள் வீட்டாருடையது இல்லை. சிவப்பு விளக்கில் தன் சொந்தக் காரை நிறுத்திக் காத்திருந்த என் மகளைப் பின்னால் வந்த ஒருவர் இடித்தார்; தன் பிழையை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்; அவருடைய காப்புறுதி நிறுவனம் பழுதுபார்த்த செலவு முழுவதையும் கொடுத்துத் தீர்த்தது. அதோடு முடிந்ததென்று நாங்கள் மறந்துவிட்டிருந்த அந்தச் சம்பவம், பல மாதங்கள் கழித்து, என் காரின் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

காரணம், என் காப்புறுதிப் பத்திரத்தில் அவள் ‘நேம்டு டிரைவர்’, அதாவது என் காரை ஓட்டக்கூடியவளாகப் பெயர் குறிக்கப்பட்டவள். மாதத்தில் ஓரிரு நாள், நீண்ட பயணங்களில் என்னைச் சற்று ஓய்வெடுக்க விட்டு அவள் ஓட்டுவாள். இங்கிலாந்தில் அந்த ஓரிரு நாளுக்காகப் பெயரைச் சேர்த்துவிட்டால், அவள் வேறு எந்தக் காரை ஓட்டும்போது நடந்த விபத்தும் என் பத்திரத்தின் விவகாரமாகிவிடுகிறது. இதைச் சொன்னபோது, "அப்பா, அது என்ர கார், உங்கட காருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். நியாயமான கேள்விதான், ஆனால் விண்ணப்பத்தில் உள்ள கேள்வி அவளுடைய நியாயத்துக்கு இடமே வைக்கவில்லை: பத்திரத்தில் உள்ள எந்த ஓட்டுநருக்கேனும் கடந்த ஐந்து ஆண்டுகளில், பிழை யாருடையதாக இருந்தாலும், இழப்பீடு கோரியிருந்தாலும் கோராவிட்டாலும், விபத்து ஏதும் நேர்ந்ததா? எந்தக் காரில் என்று அது கேட்கவே இல்லை.

புதுப்பிப்புக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் சென்ற ஆண்டு நான் கொடுத்த விவரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. விபத்துகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று கீழே எழுதியிருந்தார்கள். எவ்வளவு கரிசனம்! படித்துவிட்டு மேசையில் வைத்துவிடும் மனிதர்களை நம்பித்தான் அந்த வாசகம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நுகர்வோர் காப்புறுதிக்கென்று 2012இல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், கேட்காத விவரங்களையும் நாமே முன்வந்து சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கியது உண்மைதான். அதே சட்டம், முன்பு கொடுத்த விவரங்களை உறுதிப்படுத்தும்படியோ திருத்தும்படியோ நிறுவனம் கேட்கும்போது நாம் அதைச் செய்யத் தவறினால், அந்தத் தவறுதலையே பொய்யான தகவல் கொடுத்ததாகக் கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது. ஆகவே ‘எதுவும் செய்யத் தேவையில்லை’ என்ற வரியை நம்பி ஒன்றும் செய்யாமல் இருந்தவர், பின்னொரு நாள் பொய்யர் ஆகலாம்.

அதன் விலையும் சிறியதன்று. கவனக்குறைவால் விட்டுவிட்டீர்கள் என்று முடிவானால், கட்ட வேண்டியிருந்த பிரீமியத்தில் நாம் கட்டியது எத்தனை பங்கோ, இழப்பீட்டிலும் அத்தனை பங்கைத்தான் கொடுப்பார்கள். 800 பவுண்டு கட்ட வேண்டிய இடத்தில் 600 கட்டியவருக்கு, 8,000 பவுண்டு நட்டத்துக்கு 6,000தான் கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று தீர்மானித்தால் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கிவிடலாம். பிறகு எந்த நிறுவனத்திடம் போனாலும், ‘உங்கள் காப்புறுதி எப்போதாவது ரத்தாக்கப்பட்டதா’ என்ற கேள்வி நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

எனவே நல்ல பிள்ளையாகத் தொலைபேசியை எடுத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். அதன் பிறகு வந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. விபத்து நடந்த தேதியைக் கேட்டார். மகள் வேலையில் இருந்தாள், அழைப்பை எடுக்கவில்லை. நினைவில் இருந்ததைக் கொண்டு மார்ச் 12 என்றேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "எங்கள் பதிவில் மார்ச் 21 என்று இருக்கிறதே, ஐயா."

எங்கள் பதிவில்! அப்படியானால் தேதி அவர்களிடம் இருக்கிறது. பிழை யாருடையது, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, கோப்பு மூடப்பட்டதா என்பதெல்லாமும் இருந்திருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் விபத்து விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ‘கிளெய்ம்ஸ் அண்ட் அண்டர்ரைட்டிங் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பொதுத் தரவுத்தளத்தை வைத்திருக்கின்றன. இழப்பீடு கோராமல் வெறுமனே அறிவித்த சம்பவங்கள்கூட அதில் பதியப்படுகின்றன. அதில் என் மகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவர்களால் முடிகிறது. என்னால் முடியாது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் பார்க்க முடிந்தவர் கேள்வி கேட்பவராகவும், பார்க்க முடியாதவர் பதிலுக்குப் பொறுப்பாளியாகவும் இருப்பது என்ன வகை நியாயம்? சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு மாணவனைச் சோதிக்கும் ஆசிரியரையாவது புரிந்துகொள்ளலாம். அவர் சோதிப்பது அந்த மாணவன் படித்த பாடத்தை. இங்கே நான் எழுதுவது இன்னொருவருடைய பரீட்சை.

தங்களிடம் இருக்கும் பதிவைக் கடிதத்திலேயே அச்சிட்டு, சரியா என்று கேட்கலாமே என்றால், மகளின் விவரத்தைத் தகப்பனின் கடிதத்தில் அச்சிட்டால் அவளுடைய தனியுரிமை என்னாவது என்று சொல்வார்கள். சரி, அவளிடமே கேட்கட்டுமே. அவளுடைய பெயர், பிறந்த தேதி, தொழில், உரிம எண் என்று எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கியவர்கள், மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி, ‘உங்களைப் பற்றி எங்களிடம் இருப்பது இது, சரியா?’ என்று ஒரு வரி அனுப்ப முடியாதா? விபத்தை மறைக்க உதவுங்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

சொன்னதற்குக் கிடைத்த பரிசையும் எழுதிவிடுகிறேன். 612 பவுண்டாக இருந்த கட்டணம் 703 ஆனது. பிழை அவளுடையது இல்லையே என்றேன். பிழையில்லாமல் விபத்தில் சிக்கியவர்கள் மறுபடியும் சிக்குவதற்கான வாய்ப்பு அதிகம் என்று தங்கள் கணக்கு காட்டுவதாகச் சொன்னார். சிவப்பு விளக்கில் நிற்பதுதான் ஆபத்தான பழக்கம் போலும்! இதே விபத்துக்காக அவளுடைய சொந்தப் பத்திரத்திலும் கட்டணம் ஏறியிருக்கிறது; ஆக ஒரே இடி எங்கள் வீட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறது. கூடுதலான 91 பவுண்டில் ஏறத்தாழ 10 பவுண்டு காப்புறுதி வரியாக அரசுக்குப் போகிறது. சென்ற ஆண்டுக் கட்டணத்தைப் புதிய கட்டணத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது, நல்லதுதான். ஏறிய தொகையில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்பது மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை.

இடித்தவரின் நிலை என்னவாயிற்றோ, தெரியாது.

நேற்று புதிய பத்திரம் தபாலில் வந்தது. மூன்றாம் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். விபத்துகள் என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன: மார்ச் 12 அன்று ஒன்று, மார்ச் 21 அன்று ஒன்று, இரண்டுக்கும் நேராக என் மகளின் பெயர். அதற்குக் கீழே, எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று வழக்கம்போல அச்சிட்டிருக்கிறார்கள். 703 பவுண்டு என்பது ஒரு விபத்துக்கான கட்டணமா, இரண்டு விபத்துகளுக்கான கட்டணமா என்று கேட்பதற்காக, நாளை காலை எட்டு மணிக்கு நான் மறுபடியும் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.